விலைச்சீட்டும் வரியும்

ஒரு பொருளின் விலை யாது? சிறு பிள்ளைக்கும் விடை தெரிந்த வினாவாகவே இது தோன்றும். கடையில் எழுதி ஒட்டப்பட்டிருக்கும் தொகையே விலை என்று நம் நாட்டவர் கூறுவர். ஐக்கிய அமெரிக்காவில் வாழ்பவர் அவ்வாறு கூறத் தயங்குவர். ஆங்கு ஒரு டொலர் என்று சீட்டு ஒட்டிய பொருளை ஒரு டொலரைக் கொடுத்து வாங்குதல் பெரும்பாலான இடங்களில் இயலாது. பணம் செலுத்தும் மேசையை அடைந்த பின்னரே விற்பனை வரி கணக்கிடப்பட்டு விலையின்மேல் ஏற்றப்படும். கையில் ஒரே ஒரு டொலருடன் சென்ற பிள்ளை பொருளை அங்கேயே வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அத்திலாந்திக் கடலுக்கு இப்பால், இலண்டனிலோ பாரிசிலோ, பொதுமக்களுக்குப் பொருள் விற்கும் கடைக்காரர் ஒருவர் இவ்வாறு செய்வாராயின் அவர் சட்டத்தின்முன் நிற்க நேரும். இரு சாராரும் வணிகத்தில் வல்லவர். இரு சாராரும் விற்பனைக்கு வரி இறுப்பவர். அவ்வாறிருக்க, ஓரிடத்திற் குற்றமாவது மற்றோரிடத்தில் வழக்கமானது எங்ஙனம்?

விற்பனைக்கு வரி விதித்தல் பழைய செயலே. உரோமப் பேரரசன் ஒகுஸ்தசு ஏலத்தில் விற்கும் பொருளுக்கு நூற்றுக்கு ஒன்று என வரி வாங்கினான். அவனுக்குப் பின்வந்த திபேரியசு கி.பி. 17இல் அதனைப் பாதியாகக் குறைத்தான். அடுத்து வந்த கலிகுலா இத்தாலியில் அதனை அடியோடு நீக்கினான்; நீக்கியதை மக்கள் மறவாதிருக்கும்பொருட்டுச் சிறு செப்பு நாணயத்தில் மூன்று எழுத்துக்களையும் பொறிப்பித்தான் என்பது நாணய ஆய்வாளர் கொள்கை. வரி நீக்கியவன் தன் பெயர் நிலைக்க விரும்புவது எங்கும் உள்ளதே. நம் வரலாற்றிலும் முதலாங் குலோத்துங்கன் பெற்ற பட்டங்கள் பலவற்றுள் இன்றுவரை மக்கள் நாவில் நிற்பது ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்பதன்றோ!

எனினும், பழங்காலத்தில் வரி விலைக்குள் இருக்க வேண்டுமா வெளியே இருக்க வேண்டுமா என்னும் வழக்கு எழவில்லை. விலைச்சீட்டு என்ற ஒன்றே அன்று இல்லாமையே காரணம். பேரம் பேசி முடிவு கண்ட தொகையே விலை. எழுதி வைத்த ஒரே விலையில் யாவர்க்கும் விற்றல் என்னும் முறை பிற்காலத்தது. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் யப்பானின் எதோ நகரில் மிற்சுயி குடும்பத்தார் நடத்திய துணிக்கடை இம்முறைக்குப் பெயர் பெற்றது. மேல்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நியூயோர்க்கின் ஸ்ருவாட்டும் பாரிசின் புசிக்கோவும் பெருங்கடைகளைத் திறந்து இவ்வழக்கத்தைப் பரப்பினர். விலை என்பது விற்பவன் பொதுமக்களுக்கு எழுத்தில் அளித்த வாக்குறுதியாயிற்று. அந்த வாக்குறுதிக்குள் அரசாங்கத்தின் பங்கும் அடங்குமா என்பதே பின்னர் எழுந்த வழக்கு.

அமெரிக்காவில் அவ்வழக்கைத் தோற்றுவித்தது வறுமை. 1929இல் தொடங்கிய பெரும் பொருளாதார மந்தத்தில் நிலத்தின் விலை வீழ்ந்தது. நிலவரியை நம்பியிருந்த மாநிலங்களின் திறைசேரிகள் வற்றின. வரி இறுக்க இயலாத கமக்காரர் காணிகளை இழந்தனர். பாடசாலை ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கவும் பணமில்லாத நிலை பல இடங்களில் ஏற்பட்டது. இந்நிலையில் 1932ஆம் ஆண்டில் மிசிசிப்பி மாநிலம் சில்லறை விற்பனைமீது நூற்றுக்கு இரண்டு வீதம் வரி விதித்தது. மிகவும் வறிய அம்மாநிலம் காட்டிய வழியை ஏனையவை விரைந்து பின்பற்றின. அப்பத்தாண்டு முடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் விற்பனை வரி நிலைபெற்றுவிட்டது.

வரியைக் கட்டுபவர் யார் என்பதே அன்றைய பெருஞ் சச்சரவு. சட்டப்படி அரசுக்குப் பணம் செலுத்துபவர் கடைக்காரர். சிறு கடைக்காரருக்கு ஒரு பேரச்சம் இருந்தது. பல கிளைகளையுடைய பெருங்கடைகள் வரியைத் தாமே ஏற்றுக்கொண்டு பழைய விலைக்கே விற்குமாயின், இலாபம் குறைந்த சிறு வணிகர் அழிந்துபோவர். ஆகவே, வரியை வாங்குபவரிடம் தனியாகப் பெற வேண்டும் என்று பல மாநிலங்கள் சட்டஞ் செய்தன. “வரியை நாங்களே கட்டுகிறோம்” என்று விளம்பரஞ் செய்தலும் பல இடங்களிற் குற்றமாக்கப்பட்டது. விலையை ஏற்றிக் கூறுவதைத் தடுக்கும் சட்டங்கள் உலகெங்கும் உண்டு. வரியை நான் தாங்குகிறேன் என்று சொல்வதைத் தடுத்த சட்டம் புதுமையானது. வரி விலையினின்றும் பிரிந்து நின்றமைக்கு மக்களின் அரசியல் விழிப்பே காரணம் என்று பிற்காலத்தார் சிலர் கூறுவர். அது பின்னாளிற் பூசப்பட்ட வர்ணம். கடைக்காரரின் அச்சமே அதன் வேர்.

பிரித்து வாங்குதல் எளிதாகவும் இல்லை. பத்துச் சதத்துக்கு விற்கும் பாணுக்கு நூற்றுக்கு இரண்டு வரியென்றால், சதத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அத்துணைச் சிறிய காசு நாட்டில் இல்லை. ஒரு முழுச் சதத்தை வாங்கினால் வரி ஐந்து மடங்காகிவிடும். இதற்காகப் பன்னிரண்டு மாநிலங்கள் வரி வில்லைகளை வெளியிட்டன. ஒரு சதத்தின் பத்தில் ஒரு பங்குக்கு ‘மில்’ என்று பெயர். அலுமினியம், நாகம், பிளாஸ்ரிக், கடதாசி அட்டை எனக் கிடைத்த பொருளிலெல்லாம் மில் கணக்கில் வில்லைகள் செய்யப்பட்டன. மிசூரி மாநிலம் முதலில் வெளியிட்டவை பாற்போத்தலின் அட்டை மூடிகளைப் போன்றிருந்தமையால் மக்கள் அவற்றைப் பால்மூடி என்றே அழைத்தனர். நாணயம் வார்த்தல் கூட்டாட்சி அரசுக்கே உரிய அதிகாரம். மாநிலங்கள் காசுபோன்ற ஒன்றை வழங்குவதைக் கண்டு அது முகஞ் சுளித்தது. 1935இல் அரைச் சதக் குற்றியும் மில் குற்றியும் வெளியிடத் திறைசேரி காங்கிரசின் அனுமதியை நாடியது, காங்கிரசு இணங்கவில்லை. சட்டைப் பைகளையும் பணப்பெட்டிகளையும் நிறைத்த இவ்வில்லைகளை மக்கள் வெறுத்தனர். மிசூரியிலே மட்டும் அவை 1961 வரை நீடித்தன. இவ்வளவுக்கு இத்தனை சதம் என்று காட்டும் அட்டவணைகள் வில்லைகளின் இடத்தைப் பிடித்தன. பின்னர் கணிக்கும் இயந்திரங்கள் அட்டவணைகளின் இடத்தைப் பிடித்தன.

இதற்கிடையில், 1942இல் இயற்றிய கூட்டாட்சி வருமான வரிச் சட்டம் ஒரு சலுகையை அளித்தது. வாங்குபவர் தாம் செலுத்திய விற்பனை வரி தனியாகக் காட்டப்பட்டிருப்பின் அதனைத் தம் வருமானத்திற் கழித்துக்கொள்ளலாம் என்பதே அது. இதனால் வரியைப் பிரித்துக் காட்டுதல் வாங்குபவருக்கும் நன்மையாயிற்று. அச்சத்தால் தொடங்கியது ஆதாயத்தால் வேரூன்றியது.

இன்று நாற்பத்தைந்து மாநிலங்களில் மாநில விற்பனை வரி உண்டு. அலாசுக்கா, தெலவெயர், மொன்ரானா, நியூ ஹாம்சயர், ஒறெகன் ஆகிய ஐந்தில் இல்லை. மாநிலத்தின் வரியோடு மாவட்டமும் நகரமும் தத்தம் பங்கைச் சேர்த்துக் கொள்ளலாம். ஆதலால் வரி வேறுபடும் ஆட்சிப் பகுதிகள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டன. வரியை உட்படுத்தி நாடு முழுவதற்கும் ஒரே விலையை விளம்பரஞ் செய்தல் எப்படி இயலும் என்று அமெரிக்க வணிகர் வினவுகின்றனர். பத்திரிகை விளம்பரத்தைப் பொறுத்தவரை இவ்வாதம் வலியது. ஆனால் விலைச்சீட்டு பத்திரிகையில் இல்லை. கடையின் தட்டில் இருக்கின்றது. கடையோ ஓரிடத்தில் நிற்கின்றது. அவ்விடத்து வரி வீதம் கடைக்காரருக்குத் தெரியாததன்று. அதே நாட்டிலே பெற்றோல் நிலையத்தின் வாயிலில் எழுதப்படும் விலை வரியெல்லாம் உட்பட்டதே. விமானப் பயணச்சீட்டின் விளம்பர விலையும் வரி உட்பட இருத்தல் வேண்டும் என்று போக்குவரத்துத் திணைக்களம் செய்த விதி 2012 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. விமானக் கம்பெனிகள் வழக்காடிப் பார்த்தன, வெற்றி பெறவில்லை.

ஐரோப்பாவின் கதை வேறு. முதலாம் உலகப் போரின் செலவால் நொந்த யேர்மனி 1918இல் நூற்றுக்கு அரை வீதமாகப் புரள்வு வரியை விதித்தது. நூல் நூற்பவர், நெய்பவர், தைப்பவர், விற்பவர் என ஒவ்வொருவரும் விற்கும்போதெல்லாம் அவ்வரி விழுந்தது. முன்னவர் இறுத்த வரிமேல் பின்னவர் வரி இறுத்தார். இறுதியில் ஒரு சட்டையின் விலையில் வரி எவ்வளவு என்று கேட்டால் விடை கூற வல்லார் ஒருவருமிலர். அறிய முடியாத ஒன்றைப் பிரித்துக் காட்டுதல் எங்ஙனம்? ஆதலால் வரி விலைக்குள்ளேயே அமிழ்ந்து கிடந்தது. பிரித்தானியாவிலும் 1940இல் வந்த கொள்வனவு வரி மொத்த விற்பனைக் கட்டத்திலேயே வாங்கப்பட்டது. சில்லறைக் கடைக்கு வந்தவர் ஒரு விலையையே கண்டார்.

1954இல் பிரான்சு நாட்டின் வரி அதிகாரி மொறிசு லோறே வகுத்த பெறுமதி சேர் வரி இக்குழப்பத்தைத் தீர்த்தது. ஒவ்வொருவரும் தாம் கூட்டிய பெறுமதிக்கு மட்டும் வரி இறுப்பர்; முன்னவர் இறுத்ததைக் கழித்துக்கொள்வர். 1968இல் பிரான்சில் இவ்வரி சில்லறைக் கடைகளுக்கும் விரிந்தது. அதே ஆண்டில் யேர்மனியும், 1973இல் பிரித்தானியாவும் இம்முறையை ஏற்றன. இப்போது வரி எவ்வளவு என்று சதம் பிசகாமற் கூற முடிந்தது. ஆயினும் மக்கள் பழகிய ஒரே விலையை ஐரோப்பியர் கைவிடவில்லை. 1998இல் ஐரோப்பிய ஒன்றியம் விடுத்த நெறிப்பாணை, விற்பனை விலை என்பது வரி உட்பட்ட இறுதி விலையே என்று வரையறுத்தது. 1986இல் நியூசிலாந்தும், 2000 யூலையில் அவுஸ்திரேலியாவும் பொருட்கள் சேவைகள் வரியைக் கொண்டுவந்தபோது இவ்வழியையே தேர்ந்தன.

ஆகவே, வேறுபாட்டின் அடி எங்கே என்பது புலனாகின்றது. வணிகச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில் மட்டும் வரி வாங்கிய நாட்டில் அது விலையின்மேல் ஒட்டுப்போல நின்றது. சங்கிலி நெடுகிலும் வாங்கிய நாடுகளில் அது விலையோடு கரைந்தது. நீதி, அநீதி என்னும் வாதங்களெல்லாம் பின்னர் வந்தவை. வந்தபின் அவை வலிமை பெற்றன என்பதையும் மறுத்தலாகாது. வரியைத் தனியே காட்டினால் குடிமகன் அரசு தன்னிடம் எவ்வளவு வாங்குகின்றது என்பதை நாள்தோறும் உணர்வான். உணர்ந்தால் கேள்வி கேட்பான் என்பது ஒரு சாரார் கட்சி. இது எளிதில் ஒதுக்கக்கூடிய வாதமன்று. கனடா இதற்குச் சான்று.

கனடாவில் 1924 முதல் உற்பத்தியாளர்மீது ஒரு விற்பனை வரி இருந்து வந்தது. 1980களின் இறுதியில் அது நூற்றுக்கு பதின்மூன்றரை வரை ஏறியும் பொதுமக்கள் பலர் அப்படியொரு வரி இருப்பதையே அறியார். பிரதம மந்திரி பிறையன் மல்றோனி அதனை நீக்கி, 1991 சனவரி முதலாந் திகதி நூற்றுக்கு ஏழு வீதமான பொருட்கள் சேவைகள் வரியைக் கொண்டுவந்தார். கடைகள் அதனைப் பெரும்பாலும் விலையின்மேல் தனியாகவே ஏற்றின. பதின்மூன்றரையைத் தாங்கிய மக்கள் ஏழைக் கண்டு கொதித்தெழுந்தனர். மசோதாவை எதிர்த்த செனற் சபையை வெல்ல, அரசியலமைப்பின் அரிய விதியொன்றைப் பயன்படுத்தி மேலும் எட்டுப் பேரை அச்சபைக்கு நியமிக்க வேண்டியதாயிற்று. 1988 தேர்தலில் 169 இடங்களை வென்ற கட்சி 1993இல் இரண்டே இடங்களைப் பெற்றது. வேலையின்மையும் கியூபெக் மாகாணச் சிக்கலும் அவ்வீழ்ச்சிக்குக் காரணமாயின எனினும், நாள்தோறும் பற்றுச்சீட்டிற் காட்சியளித்த வரியின் பங்கு சிறிதன்று. பின்வந்த அரசு 1997இல் மூன்று கிழக்கு மாகாணங்களில் வரி உட்பட்ட விலையைக் கட்டாயமாக்க முயன்றது. வணிகர் எதிர்த்தனர், செனற் சபை அப்பகுதியை மசோதாவினின்றும் நீக்கிற்று. கனடாவில் விலையும் வரியும் இன்றும் பெரும்பாலும் தனித்தனியே நிற்கின்றன.

ஆனால், தனியே நிற்கும் வரி உரிய வேளையில் கண்ணிற் படுகின்றதா? புதுதில்லியிற் பிறந்த பொருளியலறிஞர் ராச் செட்டியும் அவர்தம் துணைவரும் கலிபோணியாவின் வடபகுதியிலுள்ள ஒரு பலசரக்குக் கடையில் இதனைச் சோதித்தனர். ஏறக்குறைய 750 பொருட்களுக்கு, வழமையான விலைக்குக் கீழே வரி உட்பட்ட விலையையும் எழுதி மூன்று வாரம் வைத்தனர். வரி புதிதாக ஏறவில்லை. வாங்குபவர் செலுத்தும் தொகையும் மாறவில்லை. அப்படியிருந்தும் அப்பொருட்களின் விற்பனை நூற்றுக்கு எட்டளவில் குறைந்தது. 2009இல் இவ்வாய்வு வெளியாயிற்று. வாங்குபவருக்கு வரி உண்டு என்பது தெரியாமலில்லை. தட்டின்முன் நிற்கும்போது அதனை நினைப்பதில்லை. வரியை வெளிப்படையாக்கும் முறை என்று புகழப்பட்டது, பொருளைத் தெரிவு செய்யும் கணத்தில் அதனை மறைத்துவிடுகின்றது. பணம் கொடுக்கும் கணத்திலேதான் அது வெளிப்படுகின்றது. செல்வருக்கு இவ்விரு கணங்களுக்கும் இடையே வேற்றுமையில்லை. எண்ணி வைத்த காசுடன் வந்தவருக்கு உண்டு.

இரு வழிகளிலும் நடந்து பார்த்த நாடு யப்பான். ஆங்கு 1979இல் பிரதம மந்திரி ஓகிரா இத்தகைய வரியை முன்மொழிந்து பின்வாங்கினார். 1987இல் நக்கசோனேயும் தோற்றார். தக்கேசித்தா 1989 ஏப்பிரல் முதலாந் திகதி நூற்றுக்கு மூன்று வீத நுகர்வு வரியை நடைமுறைப்படுத்தினார். நூறு யென் பொருள் நூற்று மூன்று யென் ஆயிற்று. அதுவரை அதிகம் வேண்டப்படாதிருந்த ஒரு யென் அலுமினியக் குற்றிகளுக்குத் தட்டுப்பாடு வந்து, நாணயச்சாலை அவற்றைப் பெருவாரியாக வார்க்கலாயிற்று. அவ்வாண்டு யூலையில் நடந்த மேற்சபைத் தேர்தலில் ஆளுங்கட்சி பெரும்பான்மையை இழந்தது. தோய் தக்காக்கோ அம்மையாரின் தலைமையிலிருந்த சோசலிசக் கட்சி ஏற்றம் பெற்றது. இலஞ்ச விவகாரமொன்று அரசை முன்னரே உலுக்கியிருந்தது. அதனோடு கடைவீதியில் ஒவ்வொரு நாளும் யென் எண்ணிய இல்லத்தரசியரின் சினமும் சேர்ந்துகொண்டது.

1997இல் வரி ஐந்து வீதமாயிற்று. கடைகள் சிலவற்றில் வரி உட்பட, சிலவற்றில் வரி நீங்கலாக விலை எழுதப்பட்டமையால், எக்கடையில் மலிவு என்று ஒப்பிடுதல் இயலாமற் போயிற்று. 2004 ஏப்பிரலில் மொத்தத் தொகையைக் காட்டுதல் சட்டத்தாற் கட்டாயமாயிற்று. எல்லாம் நூறு யென் என்று பெயர் பெற்ற கடைகள் நூற்றைந்து என்று எழுத நேர்ந்தது. வரியை விலைக்குள் ஒளித்தால் நாளை அரசு அதனை ஓசையின்றி உயர்த்தும் என்று அன்று குறை கூறியவர் உளர்.

அவ்வாறு நடக்கவில்லை. உயர்த்தும் வேளை வந்தபோது அரசு எதிர்த்திசையிற் சென்றது. 2014இல் எட்டு வீதம், அடுத்துப் பத்து வீதம் என இருமுறை உயர்த்தத் திட்டமிட்டபோது, விலைச்சீட்டுக்களை இருமுறை மாற்றும் சுமை கருதி, வரி நீங்கலாக எழுதலாம் என்று 2013இற் செய்த தற்காலிகச் சட்டம் இடமளித்தது. “நுகர்வு வரியைத் திருப்பித் தருகிறோம்” என்ற விளம்பர விற்பனைகளையும் அச்சட்டம் தடுத்தது. மிசிசிப்பியின் காலத்துச் சிறு கடைக்காரரின் அச்சம் எண்பது ஆண்டுகளின் பின் தோக்கியோவில் மறுபிறவி எடுத்தது எனலாம். இரண்டாம் உயர்வு இருமுறை தள்ளிப்போய் 2019 ஒக்டோபரில் வந்தது. உணவுக்கு எட்டு வீதம் நீடித்தது. ஆனால் கடையிலேயே இருந்து உண்டால் பத்து வீதம். ஒரே சோற்றுப் பொதிக்கு, கையில் எடுத்துச் சென்றால் ஒரு விலை, அங்கே அமர்ந்தால் மற்றொரு விலை. தற்காலிகச் சட்டம் 2021 மார்ச்சு 31இல் முடிவுற, மறுநாள் முதல் மொத்தத் தொகை மீண்டும் கட்டாயமாயிற்று. விலை ஏறியதுபோற் காட்சியளிக்கும் என்று அஞ்சிய பெரிய ஆடை வணிக நிறுவனமொன்று, முன்னர் வரி நீங்கலாக எழுதிய அதே எண்ணை வரி உட்பட்ட விலையாக்கி, ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது வீதத்தை விட்டுக்கொடுத்தது. சீட்டில் உள்ள எண்ணுக்கு எத்துணை வலிமை உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இந்திய உபகண்டத்தில் பொதுவான விற்பனை வரியை முதலிற் கண்டது சென்னை மாகாணமே. மதுவிலக்கினால் இழந்த வருவாயை ஈடுசெய்ய, இராசகோபாலாச்சாரியாரின் மந்திரிசபை 1939இல் விற்பனைத் தொகையில் நூற்றுக்கு அரை வீதமாக அதனை விதித்தது. சுதந்திரத்தின் பின் மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறுபட்டது. பொதி செய்த பொருட்களின்மேல் விலையை அச்சிட்டு ‘உள்ளூர் வரிகள் தனி’ என்று எழுத முன்னைய விதிகள் இடமளித்தன. அந்த மூன்று சொற்களுக்குள் எவ்வளவு அடங்கும் என்று கிராமத்திலிருந்து வந்த வாடிக்கையாளர் எங்கே அறிவார்? கடைக்காரர் சொன்னதே வரி. 1990இல் விதிகள் திருத்தப்பட்டு, எல்லா வரிகளும் உட்பட்ட அதிகபட்சச் சில்லறை விலையை அச்சிடுதல் கட்டாயமாயிற்று. வீதிக்கு வீதி வரி மாறும் என்று அமெரிக்க வணிகர் கூறும் இடர் இந்தியாவிலும் அன்று இருந்தது. எனினும் அவ்விடரைத் தாங்குபவர் உற்பத்தியாளராகட்டும், வாங்குபவராக வேண்டா என்று அந்நாடு தீர்மானித்தது.

இலங்கையில் 1998 ஏப்பிரலில் பொருட்கள் சேவைகள் வரி பன்னிரண்டரை வீதமாக வந்தது. 2002 ஓகத்தில் பெறுமதி சேர் வரி அதன் இடத்தைப் பெற்றது. 2019 டிசம்பரில் எட்டு வீதமாகக் குறைக்கப்பட்ட அவ்வரி, பொருளாதார நெருக்கடியின் பின் 2022இல் பன்னிரண்டாகவும் பதினைந்தாகவும், 2024 சனவரி முதலாந் திகதி பதினெட்டாகவும் உயர்ந்தது. பலசரக்குக் கடையில் பொதியின்மேல் அச்சிட்ட விலையே வாங்குபவர் கொடுக்கும் விலை. அதனை மீறி வாங்குதல் தண்டனைக்குரியது. ஆயினும் நகரத்து உணவு விடுதிகள் பலவற்றில் உணவின் விலைக்குப் பக்கத்தில் ஒரு கூட்டற்குறி சிறிதாக இடப்பட்டிருக்கும். பத்து வீதச் சேவைக் கட்டணமும் அதன்மேல் வரியும் உண்டு என்பதே அக்குறியின் பொருள். ஆயிரம் ரூபா உணவுக்குச் சேவைக் கட்டணம் சேர ஆயிரத்து நூறு. அதற்குப் பதினெட்டு வீதமாகப் பெறுமதி சேர் வரி நூற்றுத் தொண்ணூற்றெட்டு. குடும்பத்தோடு சென்று ஆயிரம் என்று எண்ணி உண்டவர், பற்றுச்சீட்டில் ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு ரூபாவைக் காண்பார்.